பல ஊர்ப் பெண்ணியக் கலையை ஒரே அறையில் வைப்பது எப்படி

சென்னை, யோக்யகர்த்தா, மணிலா என்று பல ஊர்க் கலைஞர்களைச் சேர்த்துச் சிங்கப்பூரில் ஒரு சிறிய பெண்ணியக் கண்காட்சி வைக்க நினைப்பவர்கள், பெரும்பாலும் ஊருக்கு ஒரு மூலை ஒதுக்கிவிடுகிறார்கள். அதைத் தவிருங்கள். அப்படிப் பிரித்ததும் ஒவ்வொரு கலைஞரும் தன் நாட்டுப் பெண்களின் தூதர் ஆகிவிடுவார். பார்வையாளர் படைப்பை விட்டுவிட்டு நாட்டைப் பார்ப்பார்.

2007-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் மோரா ரைலியும் லிண்டா நாக்லினும் ‘குளோபல் ஃபெமினிசம்ஸ்’ கண்காட்சியை வாழ்க்கைச் சுழற்சி, அடையாளம், அரசியல், உணர்ச்சி என நான்கு பகுதிகளாக அமைத்தார்கள். சிறிய அறைக்கு அவ்வளவு அகலம் தாங்காது. ஒரே கேள்வி போதும். ‘பெண்’ என்ற தலைப்பில் எதையும் சேர்க்கலாம், அதனால் எதையும் விலக்க முடியாது. ‘வீட்டு வேலையை யார் செய்கிறார், அதற்கு யார் கூலி தருகிறார்?’ என்று கேளுங்கள்; தேர்வு தானாக இறுகும். இந்த ஊருக்கு அது பொருத்தமான கேள்வியும்கூட. சிங்கப்பூர்க் கலைஞர் அமாண்டா ஹெங் 1996-இல் பார்வையாளர்களோடு உட்கார்ந்து தவ்கே (பயறு முளை) கிள்ளிக்கொண்டே பேசிய ‘லெட்ஸ் சாட்’ படைப்பின் பதிவுக்குப் பக்கத்தில், இல்லப் பணிப்பெண்களைப் பற்றிய ஒரு படைப்பை வையுங்கள். இரண்டும் பேசிக்கொள்ளும்.

அடுத்தது காலவரிசைப் பலகை. அதை அமெரிக்காவின் 1970-களில் தொடங்கினால் ஆசியா முழுவதும் தாமதமாக வந்து சேர்ந்ததுபோல் தோன்றும். ஒவ்வொரு ஊருக்கும் தனி வரி கொடுங்கள். சிங்கப்பூரில் 1985-இல் அவேர் என்ற பெண்ணுரிமை அமைப்பு தொடங்கியது. மணிலாவில் 1987-இல் கசிபுலான் என்ற பெண் கலைஞர்கள் குழு உருவானது. இந்தியாவில் நளினி மலானி, நிலிமா ஷேக், அர்பிதா சிங், மாதவி பரேக் நால்வரும் 1987 முதல் 1989 வரை தங்கள் நீர்வண்ண ஓவியங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். பாங்காக்கில் 1997-இல் உமனிஃபெஸ்டோ என்ற பெண் கலைஞர்களின் கண்காட்சி நடந்தது. வரிகளை இணையாக, ஒரே உயரத்தில் ஓடவிடுங்கள். தன்னைப் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்கிறாரா என்பதையும் ஒவ்வொரு கலைஞரிடமும் எழுத்தில் கேளுங்கள். மறுப்பவர்களும் இருப்பார்கள். அந்த மறுப்பை அவர் சொற்களிலேயே குறிப்பட்டையில் போடுங்கள்.

நிகழ்த்துகலைக்கு, அதாவது கலைஞர் தன் உடலாலேயே நிகழ்த்திக் காட்டும் ‘பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்’டுக்கு, கூடுதல் கவனம் தேவை. சிங்கப்பூரில் 1994 முதல் 2003 வரை நிகழ்த்துகலைக்கு அரசு நிதி கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் படைப்புகளைத் தேடும்போது பொதுச் சேகரிப்புகளோடு நிறுத்தாமல், கலைஞர்களிடமும் அவர்களுடைய நண்பர்களிடமும் உள்ள படங்களையும் ஒளிப்பதிவுகளையும் கேளுங்கள். படம் எடுத்தவர் பெயர், நாள், இடம் மூன்றும் இல்லாமல் மாட்டாதீர்கள். புகைப்படமே படைப்பு என்று பார்வையாளர் எண்ணிவிடாதபடி, நிகழ்வு எவ்வளவு நேரம் நடந்தது, யார் பங்கேற்றார்கள் என்று இரண்டு வரி சேருங்கள்.

100 சதுர மீட்டர் அறைக்கு எட்டு முதல் பத்துக் கலைஞர்கள் போதும். படங்களின் நடுக்கோடு தரையிலிருந்து 145 செ.மீ.; சக்கர நாற்காலிக்கு 1.2 மீட்டர் வழி. காணொளிகளின் மொத்த நேரம் 40 நிமிடத்தைத் தாண்டினால் யாரும் முழுதாகப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இருக்கையும் ஹெட்ஃபோனும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் ஒலி மற்றதைத் தின்றுவிடும்.

சிங்கப்பூரில் படைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இரவுதான். இடத்தின் உரிமையாளர் மாலையில் குளிர்சாதனத்தை அணைத்ததும் ஈரப்பதம் ஏறுகிறது. மறுநாள் காகிதம் அலை அலையாக நெளிந்திருக்கும். சில வாரங்களில் துணியில் பூஞ்சை பிடிக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஈரப்பதப் பதிவுக் கருவியை ஒரு வாரம் அங்கே வையுங்கள். 24 மணி நேரத்தில் ஈரப்பதம் பத்து விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் ஏறி இறங்கினால், இரவிலும் குளிர்சாதனம் ஓட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முடியாதென்றால் காகிதப் படைப்புகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய சட்டத்தில் வையுங்கள். காகிதத்துக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ். வந்திறங்கிய பெட்டிகளை 24 மணி நேரம் அறையிலேயே விட்டு, பிறகு திறங்கள். குளிர்ந்த பொருள்மீது நீர் பூப்பதை அது தடுக்கும்.

பெண்ணியக் கண்காட்சிகளில் துணியும் தையலும் நிறைய வரும். பூச்சியும் கூட வரும். வண்ணம் தீட்டாத, மணி கோக்காத துணியை நெகிழியில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவிடலாம். கலைஞரின் சம்மதம் கட்டாயம்.

உடல், மதம் தொடர்பான படைப்பு இருந்தால், உரிமம் தேவையா என்று தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் பல மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். படங்களையும் சுவர் எழுத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். கடைசி வாரத்தில் ஒரு படைப்பை எடுக்க நேர்ந்தால் அறையின் வாதமே உடையும்.

தமிழ்க் குறிப்பை முதலிலிருந்தே தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்துக்குச் சமமான எழுத்தளவில் அச்சிடுங்கள். சிறிய எழுத்தில் தமிழின் சுழிகள் மங்கிவிடும். 60 சொல் போதும். அச்சுக்கு முன் தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வரும் ஓர் அத்தையிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.

எந்த ஊர்க் கலைஞருக்கும் ஒரே கட்டணம் கொடுங்கள். ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணத்தில் தற்காலிகமாக வந்த படைப்பு திரும்பிப் போக வேண்டியது. விற்றால் வரி கட்ட வேண்டும், அதைக் கலைஞரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரம் பூச்சி நீக்கப்பட்டது என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் திருப்பி அனுப்பினால் இந்திய, இந்தோனேசியத் துறைமுகங்களில் பெட்டி நின்றுவிடும்.