கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது?

"எழுதக் கூப்பிட்டால் கடிக்கிறான்", "குளிக்க வைக்கப் போனால் அப்பா கையை ஓங்குகிறார்." இப்படிச் சொல்கிறவர்கள் அடுத்துக் கேட்பது, இதை எப்படி நிறுத்துவது என்றுதான். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: இதைச் செய்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது? தண்டிக்காமல், காரணத்தைக் கண்டுபிடித்து நடத்தையை மாற்ற உதவும் நேர்மறை நடத்தை ஆதரவு என்ற முறை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

முதலில் உடம்பு

நடத்தை திடீரென்று மாறியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் விஷயத்தில் வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு ஒரு நோட்டு

"அடம்", "கோபம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து முன், செயல், பின் என்று தலைப்பிடுங்கள்.

முன்: மாலை 6.10. டிவியை அணைத்தேன், எழுதக் கூப்பிட்டேன்.
செயல்: நோட்டைக் கிழித்தான், என் கையைக் கடித்தான்.
பின்: "சரி, அப்புறம் எழுதலாம்" என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் கை கூசும். அதில் இருப்பது நாம் செய்தது. ஆனாலும் விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. ஒன்றிரண்டு வாரம் எழுதுங்கள். அமைதியாகப் போன நாட்களையும் சேர்த்து.

காரணத்தை ஊகியுங்கள்

பெரும்பாலும் நான்கில் ஒன்று: யாராவது கவனிக்க வேண்டும், ஒரு வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், ஒரு பொருள் வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது. மேலே உள்ள பையனுக்கு வேண்டியது டிவியா, எழுத்திலிருந்து விடுதலையா? டிவி ஓடாத நாளிலும் எழுதக் கூப்பிட்டதும் கடித்தால் இரண்டாவதுதான். அவனைத் தண்டனையாகத் தனியே உட்கார வைத்தால், அவன் கேட்டதையே கொடுத்தது போலாகிவிடும்!

முன்னதை மாற்றுங்கள்

ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒரு பக்கத்தை நான்கு வரியாகக் குறையுங்கள். பேனாவா பென்சிலா என்று அவனே எடுக்கட்டும். டிமென்ஷியா (மறதிநோய்) உள்ள பெரியவர்களிடம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுப்பது கடினம். அங்கே இந்தப் படிதான் முக்கால்வாசி வேலை.

கடிக்குப் பதிலாக ஒரு சொல்

1985-இல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற, அமெரிக்காவில் பணியாற்றிய இரு உளவியலாளர்கள், உதவியையும் கவனத்தையும் வார்த்தையால் கேட்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தொந்தரவான நடத்தை குறைந்தது. நாமும் அதைத்தான் செய்கிறோம். "ஓய்வு வேண்டும்" என்ற சொல், பேச்சு வராதவருக்கு ஒரு பட அட்டை. அட்டையை நீட்டுவது கடிப்பதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும், அதைவிடச் சீக்கிரம் பலன் தர வேண்டும். இல்லையென்றால் அவன் ஏன் மாற வேண்டும்?

அமைதியான நேரத்தில் பழக்குங்கள், கடித்து முடித்த சூட்டில் அல்ல. தொடக்கத்தில் கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஓய்வு கொடுங்கள். செல்லம் கொடுக்கிறோமோ என்று தோன்றும், தோன்றட்டும். சொல் நிலைத்த பிறகு "இன்னும் ஒரு வரி, அப்புறம் ஓய்வு" என்று மெல்ல நீட்டலாம்.

பழையதற்குப் பலன் குறையட்டும்

கடித்தால் வேலை முழுதாக ரத்தாகக் கூடாது. அட்டையைக் காட்டி, கேட்க வைத்து, பிறகு ஓய்வு கொடுங்கள். முதல் சில நாள் கடி கூடவும் செய்யலாம். அப்போது வீட்டில் ஒருவர் மட்டும் இளகிவிட்டால், அதிகமாகக் கடித்தால் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும். எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

தலையைச் சுவரில் மோதுவது, ரத்தம் வரக் கடிப்பது போன்றவற்றை நீங்களாகச் சமாளிக்க முயலாதீர்கள். நடத்தையில் பயிற்சி பெற்ற உளவியலாளரை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடிப்பதையும் அறையில் பூட்டுவதையும் ஒரு வழிமுறையாகவே வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். குறையவே இல்லையென்றால் பெரும்பாலும் ஊகித்த காரணம்தான் தப்பு. திரும்ப நோட்டுக்குப் போங்கள்.