மூடியில் விழுந்த வெள்ளிக் கோடு

உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளும் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினில், பாலிகார்பனேட் என்ற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் விளக்கு மூடி ஓட்டிக்கொண்டிருந்தேன். பீஸ் முழுக்க வெள்ளி வெள்ளியாகக் கோடு. பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயான கேட் இருக்கும் இடத்தில் தொடங்கி, விசிறி விரித்த மாதிரி ஓரம் வரை ஓடியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நத்தை ஊர்ந்த தடம்தான்.

சூடு அதிகம் என்று நினைத்து பிளாஸ்டிக் உருகும் குழாயான பேரலின் வெப்பத்தை 10 டிகிரி குறைத்தேன். கோடு போகவில்லை, கூடவே மூடியின் ஒரு மூலை நிரம்பாமல் நின்றது, அதுதான் கண்ட பலன். வேகத்தைக் குறைத்தும் பார்த்தேன். ம்ஹூம்.

அப்புறம் பேரலின் முனையான நாசிலை அச்சிலிருந்து பின்னுக்கு இழுத்து, உருகிய பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளவிட்டேன். கண்ணாடி மாதிரி வர வேண்டியது, சோடா போல நுரைத்து, பட் பட்டென்ற சத்தத்தோடு வந்தது. ஈரம்! பாலிகார்பனேட் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது 0.02 சதவீதத்தைத் தாண்டினால், உருகும்போது ஆவியாகிக் கோடு போடும். பொருளின் பலத்தையும் தின்றுவிடும். முன்பு ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு வைத்த 80 டிகிரியிலேயே டிரையரை விட்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

சரி என்று 120 டிகிரியில் 4 மணி நேரம் உலர்த்தினேன். பேரலில் கிடந்த பழைய சரக்கைப் பர்ஜ் செய்து வெளியே தள்ளி, சரக்கு கொட்டும் ஹாப்பரை மூடியே வைத்தேன். முதல் சில ஷாட்டில் லேசாகத் தெரிந்தது, பிறகு பளிச்சென்று வந்தது. கோடு விழுந்த பீஸ்களை அரைத்துத் திரும்பக் கலக்கவில்லை. ஈரத்தோடு உருகியபோதே அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்திருக்கும், எவ்வளவு உலர்த்தினாலும் ஒட்டாது.