வலிக்காத புண்ணுக்கு மருந்து தேடுமுன்

அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் தெரிந்தவர்கள் மூலம் நம்பர் வாங்கி போன் செய்கிறார்கள், பெரும்பாலும் இளவட்டங்கள். "அக்கா, கீழே ஒரு புண்ணு வந்திருக்கு. வலியே இல்ல. என்ன ஆயின்மென்ட் போடலாம்?" ஒன்றும் போடாதே தம்பி, நாளைக் காலையில் ஓ.பி.க்குப் போ என்பதுதான் என் பதில்.

வலிக்காத புண்ணைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் உடலுறவுக்குப் பிறகு பெரும்பாலும் மூன்று வாரத்தில் வரும். பத்து நாளிலும் வரலாம், மூன்று மாதம் கழித்தும் வரலாம். தொட்டுப் பார்த்தால் அடிப்பக்கம் சட்டைப் பொத்தான் போலக் கெட்டியாக இருக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும். மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் தானாக ஆறிவிடும். ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆறியது புண் மட்டும், கிருமி உடம்புக்குள் பரவிக்கொண்டிருக்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரும். சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிடுவார்கள். அதுவும் மறைந்துவிடும். வருடங்கள் கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கும்போது பழைய புண் யாருக்கும் நினைவிருக்காது.

மெடிக்கலில் கொடுக்கும் கலவை கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் தடவினால் புண்ணின் உருவம் மாறிவிடும், மருத்துவருக்கு அடையாளம் தெரியாது. உப்புத் தண்ணீர், கிருமிநாசினி, மிச்சமிருக்கும் மாத்திரை எதுவும் வேண்டாம். சில இடங்களில் புண்ணின் கசிவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், மருந்து பட்டிருந்தால் கிருமி தெரியாது. சிறுநீர் வரும் வழியில் சீழ் வடிகிறது என்றால் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து சிறுநீர் கழிக்காமல் இருங்கள், அப்போதுதான் சீழைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஸ்மியரில் கிருமி கிடைக்கும்.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் பின்னால் நிற்பவர் காதில் விழுமே என்று கூச்சமாக இருந்தால், "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள், போதும். அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு சுகவாழ்வு மையம் என்றும், எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்றும் பெயர். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.

உள்ளே போனதும் கேள்விகள் வரும். கடைசியாக எப்போது, ஆணோடா பெண்ணோடா, ஆணுறை போட்டீர்களா, வாய்வழியா, ஆசனவழியா. எங்கே பார்க்க வேண்டும், எங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்கள். இங்கே மறைத்தால் தொண்டையில் இருக்கும் நோய் தொண்டையிலேயே தங்கிவிடும்.

ரத்தத்தில் சிபிலிஸைக் கண்டுபிடிக்கும் சோதனைகளான வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., கூடவே டி.பி.எச்.ஏ. எடுப்பார்கள். புண் வந்த முதல் சில நாட்களில் நெகட்டிவ் என்று வரலாம், சொன்ன தேதிக்கு மறுபடி போய்க் கொடுங்கள். எச்.ஐ.வி.யும் பாருங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை.

ஊசியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, பாதிப்பேர் பயப்படுவது அதற்குத்தான். சிபிலிஸுக்குப் போடும் பென்சத்தீன் பெனிசிலின் தூளாக வரும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டியான வெள்ளைக் கலவையாகும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊசியில் அடைத்துக்கொள்ளும், அதனால் கலந்த கையோடு போட வேண்டும். முன்கையில் டெஸ்ட் டோஸ் போட்டுக் காத்திருந்து, பிறகு இடுப்பின் இருபுறமும் 12 லட்சம் யூனிட் வீதம் மெதுவாக ஏற்றுவோம். வலிக்கும், உண்மை. காலைத் தளர்த்தி வைத்தால் வலி குறையும். வெறும் வயிற்றோடு வராதீர்கள், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முன்பு எந்த ஊசிக்காவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஊசிக்குப் பதில் டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கிறது. அன்று இரவு காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் பெரும்பாலும் கிருமி சாவதால் வருவது, ஒரு நாளில் அடங்கும்.

ஆரம்ப நிலைக்கு ஒரு தடவை போதும். நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று. 1943-இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி சிபிலிஸுக்கு முதன்முதலாகப் பெனிசிலின் போட்டார். இன்றுவரை இந்தக் கிருமி அந்த மருந்துக்கு எதிர்ப்புக் காட்டவில்லை. வெட்டை நோய் (கொனோரியா) கிருமியோ ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்துக்கொண்டு வருகிறது. இப்படி ஒரு மருந்து கையில் இருக்கும்போது பஸ் ஸ்டாண்ட் சுவர் விளம்பரத்தை நம்பி லேகியத்துக்குப் பணம் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஊசிச் சீட்டையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். 3, 6, 12 மாதங்களில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். அளவு 1:32 இருந்தது 1:8-க்கு, அதாவது நான்கில் ஒன்றாக, இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. டி.பி.எச்.ஏ. மட்டும் பலருக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது இதைப் பார்த்து இடிந்துபோகிறவர்கள் உண்டு. பழைய சீட்டுகள் இருந்தால்தான் அது சிகிச்சை முடிந்த தொற்று என்று மருத்துவர் எழுதித் தர முடியும். சீட்டைத் தொலைத்தவர்கள் திரும்பவும் ஊசி போட வேண்டி வருகிறது.

கடந்த மூன்று மாதத்தில் யாரோடு இருந்தீர்களோ அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் உடம்பில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் சிகிச்சை வேண்டும். இல்லையென்றால் அதே நோய் உங்களுக்கே திரும்பும். ஊசி போட்டு ஒரு வாரமாகி, புண்ணும் முழுசாக ஆறும்வரை உறவு வேண்டாம்.

மனைவி கர்ப்பமாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். நஞ்சுக்கொடி வழியாகக் கிருமி குழந்தைக்குப் போகும், வயிற்றிலேயே இறக்கவும் கூடும். டாக்சிசைக்ளின் அவருக்குக் கொடுக்க முடியாது, பெனிசிலின்தான். ஒவ்வாமை இருந்தாலும் வார்டில் சேர்த்து, சிறுகச்சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கி, அதே ஊசியைத்தான் போடுவார்கள். குழந்தை பிறந்ததும் அதற்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரசவ வார்டில் அம்மாவின் ஊசிச் சீட்டைக் காட்டினால் குழந்தைக்கு என்ன தேவை என்று அவர்களே முடிவு செய்வார்கள்.