பழைய 12 போர் துப்பாக்கியும் புதிய தோட்டாவும்: சோதிக்கும்போது நேரும் தவறுகள்

தாத்தா காலத்து இங்கிலாந்துத் தயாரிப்பான 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி முறையான உரிமத்தோடு கைக்கு வந்ததும், பலர் முதலில் செய்வது கடையில் வாங்கிய தோட்டாவை அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் பகுதிக்குள், போட்டுப் பார்ப்பதுதான். தோட்டா தடையின்றி உள்ளே இறங்குகிறது, துப்பாக்கியும் எளிதாக மூடிக்கொள்கிறது. உடனே 'பொருந்திவிட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு வேறு இல்லை என்பேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 70 மி.மீ. என்பது, சுட்ட பிறகு, தோட்டாவின் முன்முனையை மூடியிருந்த வாய்மடிப்பு விரிந்த நிலையில் தோட்டாக்கூட்டின் நீளம். நட்சத்திர மடிப்புள்ள தோட்டா சுடுவதற்கு முன் பெரும்பாலும் 60 மி.மீ.க்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே, பழைய துப்பாக்கிகளில் பரவலாக உள்ள இரண்டரை அங்குல அறைக்குள், அதாவது 65 மி.மீ. அறைக்குள், அது தாராளமாக அடங்கிவிடுகிறது. வெடிக்கும் கணத்தில் மடிப்பு விரிய இடம் போதாமல், அறை குறுகிக் குழலோடு சேரும் பகுதிக்குள் அதன் விளிம்பு நுழைந்து வழியை நெருக்குகிறது, அழுத்தம் எகிறுகிறது. எனவே, அறையின் நீளத்தை அதற்குரிய அளவுகோலால் அளந்தறிய வேண்டும், 65 மி.மீ. அறைக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே குறித்திருந்தாலொழிய அந்தத் தோட்டாவை அதில் இடக்கூடாது.

குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்துத் தட்டைப் பகுதியைப் பார்த்தால் குழல் அழுத்தம் தாங்குமா என்று சோதித்துக் குத்திய சோதனை முத்திரைகள் தெரியும். லண்டனிலும், 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச்சாலையிலும் குத்தப்பட்ட இந்த முத்திரைகளைப் படிக்காமல் விடுவது அடுத்த தவறு. இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா வெடிமருந்துக்கென்று தனிச் சோதனை 1896ஆம் ஆண்டு விதிகளில்தான் இடம்பெற்றது. அதற்கு முந்தைய துப்பாக்கி பிற்பாடு மறுசோதனை கண்டிராவிட்டால், அது புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்துக்கு மட்டுமே உரியது. இரும்பு, உருக்குப் பட்டைகளை முறுக்கி ஒட்டவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல் என்றாலே சுடத் தகாதது என்று சொல்வதும் சரியன்று, ஏனெனில் அவற்றிலும் புகையில்லா மருந்துச் சோதனையில் தேறியவை உண்டு.

எனினும், முத்திரை சொல்வது அது குத்தப்பட்ட நாளின் நிலையை மட்டுமே. துருக்குழிகளைப் போக்க உட்புறத்தைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால், கண்ணாடிபோல் மின்னும் அந்தக் குழலே மெலிந்த குழலாக இருக்கக்கூடும். .729 அங்குலம் என்று பொறித்த குழலின் உள்விட்டம், பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளக்கையில் .740 ஆக இருந்தால், அந்தப் பழைய முத்திரை இனிச் செல்லாது. குழலின் சுவர்க்கனத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கீழெல்லை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மி.மீ.; ஓர் ஏ.டி.எம். அட்டையின் கனம்கூட இல்லை. இதைக் கண்ணாலோ விரலாலோ கண்டறிய முடியாது. அறையைக் கடைந்து நீளமாக்கிக்கொள்வதும் தீர்வாகாது. அதிக அழுத்தம் தாங்க வேண்டிய இடத்திலேயே உலோகம் குறைவதோடு, மறுசோதனையும் தேவையாகிறது.

ஈயக்குண்டுகளின் எடை குறைந்தால் அழுத்தமும் குறைந்துவிடும் என்று நம்புவதும் தவறு. எடை குறைந்த வேகத் தோட்டாக்கள் சில கூடுதல் அழுத்தம் தருபவை. உருக்குக் குண்டுத் தோட்டாக்களைப் பழைய மென்குழல்களில் பயன்படுத்தவே வேண்டாம்.

துப்பாக்கியை ஒரு டயரில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்துச் சுட்டு, 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிம்மதி அடைவோரும் இருக்கிறார்கள். சோதனைச்சாலையில் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டு, அதன்பின் குழலைப் பார்வையிட்டு அளந்த பிறகே முத்திரை இடுகிறார்கள். இந்தியாவிலோ, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அத்தகைய உரிமம் பெற்றவரிடமே துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும். கயிறு கட்டிச் சுட்டதில் கண்ணுக்குத் தெரியாத புடைப்போ விரிசலோ உண்டாகியிருக்கலாம். வலக்கைப் பழக்கமுள்ளவர் அடுத்த தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடும்போது, அந்தக் குழலைத் தாங்கியிருப்பது அவருடைய இடக்கை.