வீட்டுப் பணிக்கூடத்தில் மின்சூளை நிறுவும் முறை

மட்பாண்டம் சுடும் மின்சூளை ஒன்றை வாங்க எண்ணுவோர், அதில் எத்தனை கிண்ணங்கள் கொள்ளும் என்பதற்கு முன், அதன் பெயர்த்தகட்டில் குறித்துள்ள கிலோவாட் அளவைப் பார்க்க வேண்டும். 7 கிலோவாட் சூளை 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில் ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கும். ஏசிக்கோ கெய்சருக்கோ வைத்த 16 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகவே கூடாது; எக்ஸ்டென்ஷன் பெட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா, மும்முனை இணைப்பு தேவையா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதமும் அப்போதே வேண்டும்.

சூளை மணிக்கணக்கில் முழு பளுவில் ஓடுவதால், ஒயரும், மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டித்துவிடும் சுவிட்சான எம்சிபியும் நான்கில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கக்கூடியவையாக இருப்பது நல்லது. மேற்சொன்ன சூளைக்கு 40 ஆம்பியர் எம்சிபியும், மெயின் போர்டிலிருந்து இடையில் ஒட்டோ கிளையோ இல்லாமல் தனியாக வரும் 10 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரும் பொருந்தும். தூரம் அதிகமானால் ஒயரின் தடிமனை உரிமம் பெற்ற மின்பணியாளர் கணக்கிடட்டும். வெளிக்கூடு உலோகமாதலால் எர்த் இணைப்பைக் கருவி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சூளைக்கு வரும் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் சுவிட்சைச் சூளைக்குப் பின்னால் அல்லாமல், கை எளிதில் எட்டும் சுவரில் பொருத்தி, பாண்டங்களை அடுக்கும்போதும் எடுக்கும்போதும் அதை அணைத்தே வைக்க வேண்டும்.

தரை சிமென்ட் அல்லது கல்லாக இருக்க, சூளையை அதன் இரும்புத் தாங்கியின் மேல் நிறுத்துங்கள். தயாரிப்பாளர் அதிகம் கேட்காதவரை எல்லாப் பக்கமும் 45 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுவது பாதுகாப்பானது. மரக்கூரை, கீற்றுப் பந்தல், திரைச்சீலை, கேஸ் சிலிண்டர் ஆகியவை அருகில் ஆகா. மொட்டை மாடித் தகரக் கொட்டகை மலிவாகத் தோன்றினாலும், மழைச்சாரல் படும் இடத்தில் மின்சூளை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பச்சைப் பாண்டங்களை முதன்முறை சுடும்போது களிமண்ணிலுள்ள கரிமப் பொருள்கள் எரிந்து கார்பன் மோனாக்சைடும் கந்தக வாயுவும் வெளிவரும் என்பதால், படுக்கையறையை ஒட்டிய இடத்தைத் தவிர்த்து, காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் எதிர்ப்புறம் புதுக்காற்று வரும் வழியையும் அமைக்க வேண்டும்.

தயாரிப்பாளரின் கையேட்டின்படி புதுச் சூளையின் முதல் ஓட்டத்தைப் பாண்டம் ஏதுமின்றி நடத்துங்கள். செங்கலில் தங்கிய ஈரம் அதில் வெளியேறும், கம்பிச்சுருள்களின் மேல் காப்புப் படலமும் உருவாகும். வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மட்டும் நம்பி வெளியே போகக் கூடாது. கன்ட்ரோலர் சொல்படி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் வெப்பம் நிற்காமல் ஏறும். ஆகவே முடியும் நேரத்தில் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். சூடு 100 டிகிரிக்குக் கீழ் இறங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சில சூடுகளுக்குப் பின், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒயர்களை இறுக்கிப் பிடிக்கும் முனைத் திருகுகளைப் பாருங்கள்: வெப்பத்தில் அவை தளரும், தளர்ந்த முனையில் ஒயரின் உறை பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருக்கும்.