தொட்டியில் வளர்த்த கறுவாவில் பட்டை உரிப்பது எப்படி?

ஐந்து ஆண்டுகளாக சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில், பெரிய தொட்டியில் ஓர் இலங்கைக் கறுவா (இலவங்கப்பட்டைச் செடி) வளர்கிறது. கடையில் தடித்த ஒற்றைச் சுருளாகக் கிடைப்பது கேசியா வகை. இலங்கைக் கறுவா தாள்போல் மெல்லிய அடுக்குகளாக இருக்கும், விரலால் நொறுக்கலாம். கடந்த டிசம்பரில்தான் என் செடியிலிருந்து முழுப் பட்டை கிடைத்தது. அதற்கு முந்தைய முயற்சியில் வந்தவை வெறும் துணுக்குகள்.

வளர்ப்புக்கு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். விதை போடுபவர்கள் பழத்தின் சதையை நீக்கிய கையோடு விதைத்துவிடுங்கள். காய்ந்த விதை முளைக்காது.

1. வெட்டும் நேரம். நான் தவறியது இங்கேதான். கறுவாத் தளிர் முதலில் செம்பு நிறமாக இருக்கும். அந்த நிறத்தின் அழகில் மயங்கி அப்போதே வெட்டினேன். பட்டை கட்டையை விடவே இல்லை. தளிர் இளம்பச்சையாக மாறும்வரை பொறுத்திருங்கள். அப்போதுதான் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சாறு ஓடிப் பிடி தளரும். இலங்கையில் மழைக்காலத்தில் உரிப்பதும் இதனால்தான். நானும் இம்முறை நான்கு நாள் மழைக்குப் பிறகு, காலையில், கட்டைவிரல் பருமனான தண்டுகளை மண்ணை ஒட்டி வெட்டினேன்.

2. அன்றே உரியுங்கள். சொரசொரப்பான மேல்தோலைச் சிறு கத்தியால் சுரண்டுங்கள். காய்கறி சீவும் பீலர் வேண்டவே வேண்டாம். உள்பட்டையையும் சேர்த்துச் சீவிவிடும். பிறகு பித்தளைக் கரண்டிக் காம்பால் அழுத்தித் தேயுங்கள். இலங்கையில் இதற்கென்றே பித்தளைக் கோல் வைத்திருக்கிறார்கள். எவர்சில்வரிலும் தேய்த்துப் பார்த்தேன். பித்தளையின் கனம் அதற்கு இல்லை.

3. ஒரு சாண் இடைவெளியில் வளையமாகக் கீறி, நீளவாக்கில் எதிரெதிரே இரண்டு கோடு போட்டு, கத்தி முனையை உள்ளே நுழைத்து மெல்ல நகர்த்துங்கள்.

4. சிறு துண்டுகளைப் பெரிய பட்டைக்குள் செருகி, மின்விசிறிக் காற்றில், நிழலில் உலர்த்துங்கள். நேர்வெயிலில் கோணிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: சாலையோர மரத்தில் உரிக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் பரவலாக நிற்பது காட்டுக் கறுவா. இலையில் அதே மூன்று நரம்புகள், அதே சிவந்த தளிர். ஆனால் பொது இடத்து மரத்தில் கத்தி வைப்பது குற்றம், மரத்துக்கும் கேடு. இன்னொன்று, தொட்டித் தட்டில் நீர் நிற்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும்.

வெட்டிய அடியில் இப்போது நான்கு துளிர்கள் விட்டிருக்கின்றன. இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றன.