கதையாமலே போய்விட்ட அப்பாவுக்கு அந்தியேட்டி செய்வது எப்படி

செத்தவீட்டில் அழுகை வரவில்லையென்றால் பயப்படாதீர்கள். தகப்பனோடு வருசக்கணக்காகக் கதையாமல் இருந்தவனுக்கு அன்றைக்கு வருவது பெரும்பாலும் களைப்புத்தான். கொள்ளியை வையுங்கள், குருக்கள் சொல்வதைச் செய்யுங்கள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். "அப்பாவை மன்னிச்சுவிடு தம்பி" என்று காதுக்குள் சொல்ல ஒரு பெரியம்மா கட்டாயம் வருவா. "ஓம் பெரியம்மா" என்றுவிட்டு நகருங்கள். அது அந்தக் கிழமைக்குரிய வேலையில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு கொழும்புக்கு யாழ்தேவி ரயில் ஏறாதீர்கள். 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி வரைக்கும் லீவை நீட்டப் பாருங்கள். வீட்டில் கல்வெட்டுக்கு, அதாவது செத்தவரின் நினைவாக அச்சடிக்கிற புத்தகத்துக்கு, விபரம் சேர்க்கிற வேலை கிடக்கும். அதை நீங்களே கேட்டு வாங்குங்கள். அந்தியேட்டிக்குக் கொடுக்கிற அந்தப் புத்தகங்களில் எல்லா அப்பாமாரும் ஒரே அப்பாதான்: பண்பாளர், பாசமிகு தந்தை, மிச்சம் தேவாரம். ஆனால் விபரம் கேட்கிற சாட்டில் ஊரில் எந்த வீட்டுப் படலையையும் தட்டலாம். இவ்வளவு நல்ல சாட்டுப் பிறகு கிடைக்காது.

சொந்தக்காரரைக் கடைசிக்கு வையுங்கள். அவர்கள் உங்கள் முகம் பார்த்துத்தான் கதைப்பார்கள். என் அப்பா சுன்னாகத்துப் பக்கம் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். நான் தோட்டத்தை விட்டு உத்தியோகத்துக்குப் போன நாளிலிருந்து என்னோடு வாய் திறக்கவில்லை. நான் விசாரிக்கப் போனது பங்குக் கிணற்றுக்காரரிடமும், சந்தையில் அவருடைய வெங்காயத்தை எடுத்த வியாபாரியிடமும், பின்னேரங்களில் அவரோடு தேத்தண்ணிக் கடையின் நீட்டு இருக்கையான வாங்கிலில் இருந்தவர்களிடமும்தான். கேள்வி சின்னதாக இருக்கவேண்டும். "அப்பா எப்பிடிப்பட்ட ஆள்?" என்றால் கல்வெட்டு வசனந்தான் வரும். "கிணத்தில தண்ணி இறைப்பு முறைக்கு ஆரோட சண்டை பிடிச்சவர்?" என்று கேட்டுப்பாருங்கள், பொழுதுபட்டாலும் கதை முடியாது.

முதலில் கோபம் கூடும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். வீட்டில் சிரித்தறியாத மனிசன் வாங்கிலில் இருந்து கூத்துப் பாட்டுப் பாடுவாராம். எனக்கு ஒருநாளும் தராத குரலை ஊருக்குக் கொடுத்திருக்கிறார் என்று அன்றிரவு நித்திரையே இல்லை. கிணற்றுக்காரர் வேறொன்று சொன்னார். 1995இல் யுத்தத்தால் எல்லோரும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் திரும்பி வந்தபோது இறைக்கிற மெஷினைக் காணவில்லை. அதுக்குப் பிறகு கனநாளாக அப்பா ஒருவரோடும் கதைக்கவில்லையாம். "அவருக்கு நொந்தால் வாய் பூட்டுப்பட்டுப் போகும் தம்பி." என் மனைவி என்னைப்பற்றிச் சொல்வதும் இதேதான்.

மன்னிப்பதை மொத்தமாகச் செய்ய முனையாதீர்கள். ஒரு கொப்பியில் மன்னித்தது, மன்னிக்காதது என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். அந்த மௌனத்தை நான் மன்னித்துவிட்டேன். அது என்னிடமும் இருக்கிற நோய். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு அறிவிக்காமல் விட்டது மற்றப் பக்கத்தில் இருக்கிறது, இன்றுவரை. அந்தப் பக்கம் வெறுமையாகவில்லை என்பதற்காகக் கிரியை பழுதாகாது.

அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடற்கரைக்கு விடியவே வெளிக்கிடுங்கள். காங்கேசன்துறைப் பக்கம் போகிற பாதைதான். கிரியை முடிந்து கேணியில் முழுகும்போது தண்ணி உப்பில்லாமல் இருக்கும், சுவருக்கு அங்கால் கடல். உடனே எழும்பி வாகனத்துக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் இருங்கள். பெண்களுக்குக் கேணி வேறாக உண்டு. மகள்மாரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

வருசாவருசம் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பூரணை விரதம். ஒரு வருசம் முடிய வருகிற ஆட்டைத் திவசத்துக்கு வாங்கில்காரரையும் மறவாமல் சாப்பாட்டுக்குச் சொல்லுங்கள். ஆடி அமாவாசை விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் என்ற காட்டுக்காய் வேணும். கைப்புத்தான், ஆனால் அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் அந்த விரதம் சரிவராது. முதல் நாளே சந்தைக்கு நேரத்தோடு போங்கள்.